கண்மாயில் சூரிய உதயம் எடுக்கப் போய் முதுகில் வெயில் வாங்கி வந்தேன். எங்கே தப்பு?

ஆயாவீட்டுப்பேரன் | டிசம்பர் 22, காலை 10:40

எல்லோருக்கும் வணக்கம். வேலை சென்னையில். லீவுக்கு ஆயா வீட்டுக்கு வந்திருக்கிறேன், காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் ஒரு ஊர். இந்த வருட மழையில் ஊர்க் கண்மாய் நிரம்பிக் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் கரையில் நடந்தபோதே முடிவு செய்துவிட்டேன், நாளை விடியற்காலை இங்கே ஒரு படம் எடுத்தே தீர வேண்டும் என்று.

நடந்தது இதுதான். நாலே முக்காலுக்கு அலாரம். ஐந்தரைக்குக் கரைமேல் ட்ரைபாட் நிறுத்தியாகிவிட்டது. தண்ணீரைப் பார்த்து லென்ஸைத் திருப்பி வைத்துக் காத்திருந்தேன். முதலில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்தது. சட்டை நுனியால் துடைத்தேன், மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தேன். அது ஓய்ந்தபோது ஆறேகால். தண்ணீருக்கு மேலே வானம் சாம்பலாகவே இருந்தது. ஆறரைக்குக் கழுத்தில் இதமாக ஒரு சூடு. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால், வயலுக்கு மேலே, தென்னைமரங்களுக்கு நடுவில் சூரியன் ஜம்மென்று ஏறிவிட்டது.

ட்ரைபாடைத் தூக்கித் திருப்பி அவசரத்தில் எடுத்த படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். மின்கம்பி ஒன்று, டிராக்டர் ஒன்று, சூரியன் ஒரு கடுகு. தண்ணீரே இல்லை. தண்ணீரை மட்டும் எடுத்த படங்களில் அது பால் கூடிப்போன டீ மாதிரி இருக்கிறது.

நிக்கான் டி5600, 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 70-300. கேமராவில் குறையா, என்னிடம் குறையா? அடிக்கிறவர்கள் மெதுவாக அடிக்கவும்.


முக்காலி | டிசம்பர் 22, காலை 11:15

கேமராவில் ஒரு குறையும் இல்லை தம்பி. அந்தக் கேமராவில் நான் நாலு வருடம் கல்யாணமே எடுத்திருக்கிறேன்.

முதலில் பனி விஷயம். ராத்திரி ஏசி போட்டுத் தூங்கினாயா? கேமரா பையும் அதே அறையில்தானே இருந்தது?


ஆயாவீட்டுப்பேரன் | டிசம்பர் 22, காலை 11:22

ஆமாம் அண்ணே. வீட்டில் ஒரே ஒரு அறைக்குத்தான் ஏசி. பதினெட்டில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள் நான்.


முக்காலி | டிசம்பர் 22, காலை 11:50

அதேதான். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிற கதை. மார்கழி விடியலில் கண்மாய்க்கரைக் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கும். சில்லென்று இருக்கிற கண்ணாடி அதில் பட்டால் நீர் படியாமல் என்ன செய்யும்? எத்தனை தடவை துடைத்தாலும், கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வருகிற வரைக்கும் படிந்துகொண்டே இருக்கும். போதாததற்குச் சட்டைத் துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை வேறு இழுத்துவிட்டிருக்கிறாய். உன் படத்தில் சூரியனைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் தெரிகிறதே, அது பனிமூட்டம் இல்லை, உன் சட்டை.

செட்டிநாட்டு வீட்டில் இருந்துகொண்டு இதற்கு மருந்து தேடி எங்கேயும் போக வேண்டாம். முதல்நாள் ராத்திரியே பையை வளவுத் தாழ்வாரத்தில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், வைத்துவிடு. வெளிக்காற்றோடு ஒன்றி நிற்கும். பூனை உருட்டாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான். வளவின் நடுவில் திறந்த வெளியில் வைக்காதே, அங்கே பனி இறங்கும். கரையில் போய் நின்ற பிறகும், வானம் தெளிவாக இருந்தால் லென்ஸின் முன்கண்ணாடி தானே குளிர்ந்து ஈரம் கட்டும். அதற்கு ஹுட்டை மாட்டி, எடுக்காத நேரத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடி வை.

சூரியன் கடுகாக வந்ததற்கும் கணக்கு இருக்கிறது. லென்ஸின் மில்லிமீட்டரைச் சுமார் 110-ஆல் வகுத்தால், சென்சாரில் சூரியன் விழுகிற அளவு வரும். 18-இல் எடுத்தால் 0.16 மில்லிமீட்டர், கடுகுகூட இல்லை, ரவை. உன் 300-இல் எடுத்தால் 2.7 மில்லிமீட்டர், படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சூரியன் நிற்கும். அதனால் வட்டமான பெரிய சூரியன் வேண்டுமா, வானமும் தண்ணீருமாக அகன்ற படம் வேண்டுமா என்று முன்னாலேயே முடிவு செய்துகொள். இரண்டும் ஒரே லென்ஸில் வராது.

ஒன்றை மட்டும் மறக்காதே. 300 போட்டு வ்யூபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்க்காதே. சிவப்பாக, சாதுவாகத்தான் தெரியும். கண்ணுக்கு ஆபத்து. பின்திரையில் பார்த்தே எடு.


கலுங்குக்கரை | டிசம்பர் 22, பகல் 2:05

படம் எடுக்கிற விஷயம் எனக்குத் தெரியாது. மகள் சேர்த்துவிட்டதால் இந்தக் குழுவில் இருக்கிறேன். ஆனால் கம்மாயைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம். முப்பது வருசம் தண்ணி பாய்ச்சியவன்.

தம்பி, நம்ம சீமையில் மேற்கும் வடமேற்கும் மேடு, கிழக்கும் தென்கிழக்கும் பள்ளம். பெய்கிற மழை தொண்டிப் பக்கம் கடலைப் பார்த்து ஓடுகிற தண்ணி. அதை மறிக்கத்தானே கரை? அப்போ கரை எந்தப் பக்கம் இருக்கும்? பள்ளத்துப் பக்கம், கிழக்கே. கரைக்கு மேற்கே தண்ணி, கரைக்குக் கிழக்கே மடை, மடைக்குக் கீழே வயல். பெரும்பாலான கம்மாய்க்கு இதுதான் அமைப்பு. நீங்கள் கரைமேல் ஏறித் தண்ணியைப் பார்த்து நின்றால் மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். சூரியன் முதுகில் அடிக்காமல் எங்கே அடிக்கும்? சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அழகாக இருந்திருக்கும், ஏனென்றால் அஸ்தமனம் தண்ணிக்கு மேலேதான் விழும். அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள்.


ஆயாவீட்டுப்பேரன் | டிசம்பர் 22, பகல் 2:20

ஐயா, அப்படியே காலில் விழுகிறேன். சின்ன வயதிலிருந்து அந்தக் கரையில் விளையாடியிருக்கிறேன், இது ஒருநாளும் தோன்றவில்லை.

அப்படியென்றால் தண்ணீருக்கு மேற்கே, எதிர்ப்பக்கம் போய் நின்றால் சரியாக வந்துவிடும்தானே?


கலுங்குக்கரை | டிசம்பர் 22, பகல் 2:41

வரும். ஆனால் அது உள்வாய். கரை கிடையாது. தண்ணி மெல்ல மெல்லக் குறைந்து எங்கே தண்ணி முடிகிறது, எங்கே தரை தொடங்குகிறது என்று தெரியாது. முழங்கால் சேறு. கருவேல முள் செருப்பைத் துளைக்கும். இருட்டில் போகிற இடம் இல்லை.


நத்தைகுத்தி | டிசம்பர் 22, மாலை 5:30

ஐயா சொன்னதோடு இன்னொரு காரணமும் உண்டு. ஆழமில்லாத அந்த உள்வாய்தான் பறவைகளுக்குச் சாப்பாட்டுக்கடை. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் விடிந்ததும் அங்கேதான் இறங்கும். நீங்கள் ஐந்து மணிக்கே அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் ஒன்றுகூட இறங்காது. சூரியன் வரும், படத்தில் உயிர் இருக்காது. கரைப்பக்கம் ஆழம், அங்கே நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கும். அதுவும் தூரத்தில்தான்.

நான் திருப்பத்தூர்ப் பக்கம் டீச்சர். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம்தான். அங்கே நான் அதிகம் எடுப்பது சூரியனை இல்லை, சூரியன் பார்க்கிறதை. கரையில் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பேன். முதல் வெயில் மேற்கே நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களின் உச்சியில் விழும், அப்புறம் மெல்லக் கீழே இறங்கும். மஞ்சள்மூக்கு நாரையின் இறக்கையில் இருக்கிற அந்த இளஞ்சிவப்பு அப்போது பத்து நிமிடம் தெரியும் பாருங்கள், அது எட்டு மணிக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் இராக்கொக்குகள் இரவு வேட்டை முடித்துத் திரும்பும், மற்றவை வேலைக்குக் கிளம்பும். ஷிப்டு மாறுகிற மாதிரி இருக்கும்.

அதனால் நீங்கள் தப்பான பக்கம் நின்றதாக நான் சொல்ல மாட்டேன். தப்பான படத்துக்குக் காத்திருந்தீர்கள்.


போன்வாசி | டிசம்பர் 22, இரவு 8:10

கேமரா இல்லாத ஏழைகளுக்கும் ஏதாவது சொல்லுங்கப்பா. தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர் ஊருணியில் போனில் எடுத்தால் வானம் வெள்ளையாகிவிடுகிறது, படித்துறை மட்டும் தெரிகிறது.


முக்காலி | டிசம்பர் 22, இரவு 9:00

திரையில் வானத்தின் வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடி. பூட்டு விழும். விரலைக் கீழே இழு, இருட்டாகும். கொஞ்சம் அதிகமாகவே இருட்டாக்கி எடு, பின்னால் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வானத்தை மீட்கிற மந்திரம் எவனிடமும் இல்லை. நைட் மோடை அணைத்துவிடு, விடியலை அது நடுப்பகலாக்கிவிடும்.

ஊருணி என்றால் உனக்கு யோகம். கல் படித்துறை இருக்கிறது, சேறு இல்லை, சுற்றிலும் கரை மேடாக இருப்பதால் காற்று கம்மி, தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். கடைசிப் படியில் உட்கார்ந்து போனைத் தலைகீழாகப் பிடி. லென்ஸ் தண்ணீரை ஒட்டி வந்துவிடும். பிம்பம் பெரிதாகத் தெரியும். போனுக்குக் கயிறு கட்டிக்கொள், நான் ஒன்றை விட்டவன்.

ஆயாவீட்டுப்பேரனின் டீத்தண்ணீருக்கும் இதுதான் பதில். நம் செம்மண் கரைந்து வந்த தண்ணீர், மழை முடிந்து ஒரு மாதமாவது கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரை எந்தச் சாய்வில் பார்க்கிறாய் என்பதுதான் சங்கதி. கரைமேல் நின்று கீழ்நோக்கிப் பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பது தெரியும், அதாவது மண். தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தால் மேலே இருப்பது தெரியும், அதாவது வானம். கண்மாயில் கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்காதவனுக்கு டீதான் கிடைக்கும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற பில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடு, அது பிம்பத்தைத்தான் முதலில் தின்னும்.


ரெக்கை | டிசம்பர் 23, காலை 7:45

எதற்கு இவ்வளவு தலைவலி? ட்ரோனை ஏற்றினால் மேற்கும் இல்லை கிழக்கும் இல்லை, சேறும் இல்லை. உள்வாய்க்கு மேலே நூறடியில் நிறுத்திக் கிழக்கே பார்த்து எடுத்தால் தண்ணீர், சூரியன், கரை, வயல் எல்லாம் ஒரே படம். போன வாரம் நான் எடுத்தது கீழே. வேட்டங்குடிக்கும் ஒருநாள் போகலாம் என்று இருக்கிறேன்.


நத்தைகுத்தி | டிசம்பர் 23, காலை 8:20

படம் அழகு. வேட்டங்குடிக்கு ட்ரோனோடு போகாதீர்கள்.

அது 1977-இல் அறிவித்த சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்த்தே 38.4 ஹெக்டேர்தான், அதாவது நூறு ஏக்கர்கூட இல்லை. அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு மரத்தில் இருபது, முப்பது கூடு என்று நெருக்கியடித்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். தலைக்கு மேல் ஒன்று உறுமினால் பருந்து என்று தாய் எழும்பும். அது திரும்பி வருவதற்குள் காக்கை முட்டையை எடுத்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் சரணாலயத்தில் பறக்கவிடுவது சட்டப்படியும் குற்றம். அதை விடுங்கள், தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. பிள்ளைகள்கூட மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிற ஊரில் போய் வெளியூர்க்காரர் ஒருவர் ஜெனரேட்டர் மாதிரிச் சத்தம் போட்டால், ஊர்க்காரர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?


ரெக்கை | டிசம்பர் 23, காலை 8:41

சரி டீச்சர். வேட்டங்குடி வேண்டாம். சாதாரண ஊர்க் கண்மாயில் என்ன தப்பு?


நத்தைகுத்தி | டிசம்பர் 23, காலை 9:02

கூடு இல்லையென்றால், ஊர் ஒத்துக்கொண்டால், என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. இன்னொன்று, சின்னக் கண்மாயில் கூடு பார்த்தால் ஊர் பெயரைப் படத்தோடு போடாதீர்கள். இது எல்லோருக்கும்தான்.


ரெக்கை | டிசம்பர் 23, காலை 9:10

ஊர் பெயரே போடக்கூடாது என்றால் அப்புறம் இந்த இழை எதற்கு? நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் போகப் போகத்தான் அந்தக் கண்மாய் மேல் ஊருக்கே அக்கறை வரும்.


மட்டுறுத்துநர் | டிசம்பர் 23, காலை 9:30

இதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே மோதிக்கொள்ளலாம். இங்கே சூரியன் மட்டும்.


கலுங்குக்கரை | டிசம்பர் 23, பகல் 1:15

தம்பி, நேற்று ராத்திரி யோசித்தேன். சேற்றில் இறங்காமல் ஒரு வழி இருக்கிறது.

கரை நேர்க்கோடாக இருக்காது. பிறை மாதிரி வளைந்து இரண்டு முனையும் மேற்கே திரும்பியிருக்கும். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்காது, தெற்கே ஒதுங்கி உதிக்கும். எங்கள் களத்தில் நிழல் விழுகிறதை வைத்தே சொல்வோம். அப்போ கரையின் வடக்கு முனைக்குப் போய்த் தென்கிழக்கே பார்த்தால் என்ன தெரியும்? முதலில் தண்ணி, தண்ணிக்கு அந்தப் பக்கம் வளைந்து போகிற கரை, அதற்கு மேலே சூரியன். உங்கள் ஊர்க் கம்மாயில் அந்த முனையில் கலுங்கு, அதாவது நிறைந்த தண்ணி வழிந்து போகிற இடம், இருக்க வேண்டும். கல் பாவிய தளம், நிற்க வசதி.


முக்காலி | டிசம்பர் 23, பகல் 2:00

ஐயா, எங்களை மாதிரி ஆட்கள் செயலியில் பார்க்கிறதை நீங்கள் களத்து நிழலில் பார்த்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் டிசம்பர் 22-இல் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கிறது. கையை முழுக்க நீட்டி விரலை விரித்தால் பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஏறக்குறைய 20 டிகிரி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பொங்கலுக்கு 21, மார்ச் 20-ஐ ஒட்டி நேர்கிழக்கு. ஆனி மாதம் அதே அளவு வடக்கே போய்விடும், அப்போது தெற்கு முனைதான் இடம், ஆனால் தண்ணீர் இருக்காது, மாடு மேயும்.

நேரமும் சொல்கிறேன். டிசம்பர் 22-இல் 6:27 வாக்கில் உதயம். மார்கழி போனால் சீக்கிரம் விடியும் என்று நினைப்போம், இல்லை. பொங்கலுக்கு 6:36, ஜனவரி கடைசியில் 6:39 வரை போய் அப்புறம்தான் திரும்பும். ஆனால் நீ உதயத்துக்குப் போகாதே. வானம் நிறம் மாறத் தொடங்குவது அதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால், பெரும்பாலும் அதுதான் அன்றைய நல்ல பகுதி. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது. ஓரம் தெரிந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டே கால் நிமிடம் போதும். ஏழு மணிக்குமேல் பொன் நிறம் போய் வெறும் வெயில். காற்றும் அப்போதுதான் கிளம்பும், பிம்பம் உடையும்.

துடைத்து வைத்த மாதிரி வானம் இருந்தால் சுமாராகத்தான் வரும். ராத்திரி மழை விட்டு, உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப்போட்ட மாதிரி மேகம் இருந்து, கிழக்கே அடியில் ஒரு கீற்று திறந்திருந்தால், அன்றைக்குக் கல்யாண வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவேன். ஒருதடவை ஓடியும் இருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பேசுவதில்லை.

செட்டிங்கா? இருட்டில் போகஸ் தடுமாறும். தூரத்தில் தெரிகிற தெருவிளக்கிலோ கோயில் விளக்கிலோ போகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடு. ஐஎஸ்ஓ 100, எப்/8. முதல் வெளிச்சத்தில் ஒன்றிலிருந்து நான்கு விநாடி வரை வரும், அப்புறம் மளமளவென்று இறங்கும். வொயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்து. ஆட்டோவில் விட்டால், விடியலின் சிவப்பைத் தப்பு என்று நினைத்துக் கேமரா திருத்திவிடும். ரா பைலில் எடு. இரண்டு விநாடி டைமர் போடு, பட்டனை அழுத்துகிற கைநடுக்கம் போய்விடும்.


பழையபில்டர் | டிசம்பர் 23, மாலை 6:40

ஜிஎன்டி பில்டர் (மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி தெளிவு) பற்றி யாரும் பேசவில்லையே. வானத்துக்கும் தரைக்கும் மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு வெளிச்சம்) வித்தியாசத்தை ஒரே கண்ணாடியில் தீர்த்துவிடலாம். அடுக்கி ஒட்டுகிற படமெல்லாம் எனக்குப் படமாகவே தெரிவதில்லை.


முக்காலி | டிசம்பர் 23, மாலை 7:05

கடலில் போடுங்கள், கும்பிடுகிறேன். அங்கே அடிவானம் நேர்க்கோடு. கண்மாயில் கரை இருக்கிறது, கரைமேல் பனைமரம் இருக்கிறது, அய்யனார் கோயில் குதிரை இருக்கிறது. பில்டரின் இருட்டுக்கோடு பனையின் தலையை வெட்டும். நான் ஒரு ஸ்டாப் இடைவெளியில் மூன்று எடுத்து வைத்துக்கொள்வேன், பாதி நாள் ஒன்றே போதும். தண்ணீரில் வானத்தின் பிம்பம் இருப்பதால் கீழ்ப்பாதி நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருட்டு இல்லை. ஆனால் பிம்பம் வானத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். பில்டர் போட்டு, தண்ணீர் வானத்தைவிடப் பிரகாசமாக வந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி எங்கேயாவது முகத்தைவிட வெளுப்பாகக் காட்டுமா?


பழையபில்டர் | டிசம்பர் 23, மாலை 7:12

இரண்டு ஸ்டாப் மெது விளிம்பு போட்டால் வெட்டாது. பழகவில்லை என்று சொல்லுங்கள்.


ஆயாவீட்டுப்பேரன் | டிசம்பர் 25, காலை 9:30

நேற்றும் இன்றும் போனேன். கை வளவுத் தாழ்வாரத்தில்... மன்னிக்கவும், கேமராவை வளவுத் தாழ்வாரத்தில் வைத்தேன் என்று எழுத வந்தேன், தூக்கக்கலக்கம். ஒரு சொட்டு ஈரம் படியவில்லை.

வடக்கு முனையில் கலுங்கு இருக்கிறது ஐயா! வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள், இடுப்பு உயரம். நேற்று மேகம் மூடிவிட்டது. இன்று கிழக்கே மேகக்கட்டு இருந்தாலும் மேலே திறந்திருந்தது. 6:05-இலிருந்து ஊதா, அப்புறம் செம்பருத்தி நிறம். சூரியன் மேகத்தைத் தாண்டி வந்தபோது 6:45. படம் கீழே.


நத்தைகுத்தி | டிசம்பர் 25, காலை 10:15

இடம் அருமை. நிறம் மட்டும் மாரியம்மன் திருவிழா சீரியல் விளக்கு மாதிரி இருக்கிறது. சேச்சுரேஷனை எவ்வளவு ஏற்றினீர்கள்?


ஆயாவீட்டுப்பேரன் | டிசம்பர் 25, காலை 10:18

அறுபது, அக்கா.


நத்தைகுத்தி | டிசம்பர் 25, காலை 10:20

பத்தாக்குங்கள். நாளைக்குப் பார்த்துவிட்டு அதையும் ஐந்தாக்குங்கள்.


முக்காலி | டிசம்பர் 25, காலை 11:40

படம் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே வந்திருக்கிறது. ஒரே ஒரு குறை. கலுங்குக் கற்களை ஓரத்தில் தள்ளிவிட்டாய். அடுத்த தடவை அவற்றுக்குப் பின்னால் உட்கார். கற்களுக்கு இடையில் தண்ணீர் தெரிய வேண்டும், கல்லின் தலை தூரத்துக் கரையைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் விரற்கடை இடம் விடு. 18 மில்லிமீட்டரில் முன்னால் ஒன்றும் இல்லையென்றால் படம் வெறும் வானிலை அறிக்கை.


ஆயாவீட்டுப்பேரன் | ஜனவரி 16, காலை 11:00

பொங்கலுக்கு வந்தேன். நான்காவது முயற்சி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், இன்று காலை.

தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருக்கிறது, நிறமும் தெளிந்துவிட்டது. காற்றே இல்லை. தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரத்துக்குப் பனி தவழ்ந்தது. கற்களுக்குப் பின்னால் ட்ரைபாட் காலை மடக்கி உட்கார்ந்தேன், லுங்கி நனைந்து ஒட்டிக்கொண்டது. 6:20-க்கு முதல் படம், இரண்டு விநாடி. அப்போது எனக்கு இடப்பக்கம் கலுங்குக்குக் கீழே ஏதோ டக், டக் என்று சத்தம். மெல்லத் திரும்பினால் பத்தடியில் ஒரு நத்தைகுத்தி, நத்தையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும் என்று படித்திருக்கிறேன். அந்த இடைவெளி வழியாக வானத்தின் சிவப்பு தெரிந்தது. லென்ஸ் மாற்றப் பையைத் திறந்தால் ஜிப் சத்தத்துக்குப் பறந்துவிடும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். உள்தசையை உருவி எடுத்துவிட்டு ஓட்டைப் போட்டது. கல்லைச் சுற்றி அப்படி நூறு ஓடு கிடக்கிறது, இதற்கு முன்னால் நான் கவனிக்கவே இல்லை.

அந்தப் பறவையின் படம் என்னிடம் இல்லை. சூரியன் படம் இருக்கிறது, 6:41. சேச்சுரேஷன் எட்டு.


நத்தைகுத்தி | ஜனவரி 16, காலை 11:20

எட்டை மன்னித்தேன்.


போன்வாசி | ஜனவரி 16, காலை 11:45

ஊருணியில் தலைகீழாகப் பிடித்து எடுத்தது கீழே. கோயில் விமானம் இரண்டாகத் தெரிகிறது. கயிறு கட்டியிருந்தேன், நல்லவேளை.


கலுங்குக்கரை | ஜனவரி 16, பகல் 3:10

படத்தை மகள் பெரிதாக்கிக் காட்டினாள். நன்றாக இருக்கிறது. இடமிருந்து மூன்றாவது கல் சாய்ந்திருக்கிறதே, அது முன்னாலேயே அப்படியா, இந்த மழையில் சாய்ந்ததா? அடியில் அரிப்பு இருக்கும் போலிருக்கிறது. கல்லின் கால் தெரிகிற மாதிரி பக்கத்திலிருந்து இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் போதும்.


ஆயாவீட்டுப்பேரன் | ஜனவரி 16, பகல் 3:25

டிசம்பர் படத்தில் நேராக இருக்கிறது ஐயா. இதோ கிளம்பிவிட்டேன்.